குமாசி சாலையில் ஒரு நத்தைக் கணக்கு

அக்ராவிலிருந்து குமாசிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கானாவின் கடலோரச் சமவெளியில் புறப்பட்டு, கோக்கோ விளையும் காட்டு நாட்டை ஊடறுத்து, அசாந்தி மன்னர்களின் தலைநகரில் போய் முடிகிற சாலை இது. இங்கே ஊர்ப் பலகையைப் படிக்காமலே ஊரைச் சொல்லிவிடலாம். சன்னலோரம் எதை நீட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும். என்சாவாம் வந்தால் ரொட்டி. அதைத் தாண்டினால் வாழைக்காய்ச் சீவல், அன்னாசி, அவித்த முட்டை. காடு நெருங்க நெருங்கக் கம்பில் தொங்கும் காட்டு இறைச்சி. மழைக்காலமாக இருந்தால் எனாமல் தட்டுகளில் அடுக்கிய நத்தைகள். நம்மூர் வேலியோரச் சிறு நத்தையை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர் இவற்றின் உருவத்தைப் பார்த்தே மலைத்துப்போவார். கைக்கு ஒன்றுதான் அடங்கும். மஞ்சள் கலந்த பழுப்பு ஓட்டில் கறுப்பு வரிகள் கோணல்மாணலாக ஓடுவதால் புலி நத்தை என்று பெயர். 1976இல் சியரா லியோனில் கிடைத்த ஒன்று 900 கிராம் எடையோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. விற்பவர்களும் நத்தை வளர்ப்புக்கு ஆள் சேர்ப்பவர்களும் இதன் குணங்களைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள்: கோழியைவிட இரண்டு மடங்கு புரதம், ரத்தம் ஊறும், எலும்பு இறுகும், ரத்தக் கொதிப்பு அடங்கும், ஆஸ்துமா போகும். இந்தப் பட்டியலில் பாதி தேறாது. தேறுகிற பாதியே நத்தைக்குப் போதும் என்பது என் கட்சி. அது நல்ல, சாதாரண இறைச்சி. வேறு இறைச்சி சுலபமாக வாய்க்காத நிலத்தில் அப்படி ஒன்று காலடியில் கிடைப்பதுதான் அதன் பெருமை. மிச்சமெல்லாம் யார் சமைக்கிறார்கள், யாருக்குப் பரிமாறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கணக்கு அக்ராவிலேயே தொடங்குகிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்நகரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1933இல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளியிட்டார். கைகால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் வெளுத்து வந்த குழந்தைகள் பெரும்பாலும் ஒரே பின்னணி உடையவர்கள்: அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் நின்று, மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்தவர்கள். க்வாஷியோர்கோர் என்று உலகம் பின்னர் அறிந்த நோய் இதுதான். புரதக் குறைவு மட்டுமே அதற்குக் காரணமா, கிருமித்தொற்றுக்கும் பங்குண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வயிறு நிறைந்தும் உடம்பு தேறாத சாப்பாடு ஒன்று உண்டு என்பதில் மட்டும் வாதமில்லை. தென் கானாவின் தட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். மரவள்ளியையும் வாழைக்காயையும் அவித்து உரலில் இடித்து உருட்டும் ஃபுஃபு, புளித்த மக்காச்சோள மாவை இலையில் கட்டி அவிக்கும் கெங்கி, இவைதான் பசியாற்றுபவை. பச்சை மரவள்ளி 100 கிராமில் புரதம் 1.4 கிராம்கூட இருக்காது. அரைக் கிலோ கிழங்கைத் தின்று தீர்த்தாலும் 7 கிராமைத் தாண்டாது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் வேண்டும். மக்காச்சோளத்தில் புரதம் கூடுதல்தான், ஆனால் லைசின் போன்ற அமினோ அமிலங்கள் அதில் குறைவு. ஆகவே முழுப் பொறுப்பும் குழம்பின் தலையில் விழுகிறது. குழம்பில் மிதப்பது மீனா, இறைச்சியா, நத்தையா, வெறும் வெங்காயமா என்பதுதான் கேள்வி.

சரி, நத்தை என்ன தருகிறது? அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை பச்சை நத்தைச் சதை 100 கிராமுக்குத் தரும் எண்கள் இவை: ஆற்றல் 90 கலோரி, புரதம் 16.1 கிராம், கொழுப்பு 1.4 கிராம், கொலஸ்ட்ரால் 50 மில்லிகிராம், இரும்பு 3.5 மில்லிகிராம். மிச்சம் பெரும்பாலும், அதாவது மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு, தண்ணீர். தோலில்லாத கோழிச் சதையிலும் கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சியிலும் புரதம் 20 கிராமை ஒட்டி இருக்கும். முட்டையில் 12 கிராமுக்குச் சற்று மேல். நத்தை இவற்றுக்கு இடையில் நிற்கிறது. ஆனால் மேற்கு ஆப்பிரிக்க நத்தை வளர்ப்பு எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஒப்பீடு வேறு கதை சொல்கிறது: நத்தையில் புரதம் 37 முதல் 51 சதவீதம், கோழியில் 18.3, மாட்டில் 17.5. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியே இந்த வரி வேதவாக்காகிவிட்டது. கொஞ்சம் யோசித்தாலே இது நிற்காது. 100 கிராம் பச்சைச் சதையில் தண்ணீர் போக மிஞ்சுவது 20 கிராம் சொச்சம்; அதற்குள் 51 கிராம் புரதம் எப்படி அடங்கும்? உலர்த்திய நத்தையின் எண்ணை ஈரமான கோழியின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்ததால் வந்த வினை. கோழியையும் உலர்த்தி அளந்தால் அதன் புரதமும் மும்மடங்குக்கு மேல் ஏறிவிடும். கருவாட்டையும் பச்சை மீனையும் ஒரே தராசில் போட்டு விலை பேசுகிற வியாபாரம் இது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆய்வகங்கள் உலர் எடையில் அளப்பது வழக்கம், அதைப் படிப்பவர்கள் அந்தக் குறிப்பை விட்டுவிடுவதும் வழக்கம்.

மிகையைக் கழித்தபின் நிற்பதும் அற்பமல்ல. 200 கிராம் எடையுள்ள ஒரு நத்தையில் ஓடும் குடலும் போகத் தின்னத்தக்க சதை 75 கிராம் அளவில் தேறும். அதில் 12 கிராம் புரதம், அதாவது இரண்டு முட்டைக்குச் சமம். அதுவும் மக்காச்சோளமும் மரவள்ளியும் தரத் தவறுகிற அமினோ அமிலங்களோடு. கொழுப்பு அநேகமாக இல்லை என்பதை நகரத்து உணவகங்கள் பெருமையாகச் சொல்கின்றன. உடல் பருமனுக்கு அஞ்சுகிற அக்ராவாசிக்கு அது பெருமைதான். எடை ஏறாத குழந்தைக்கு 90 கலோரி ஒரு குறை. நல்ல வேளையாக அசாந்தி சமையல் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. நத்தை பெரும்பாலும் செம்பனைக் கொட்டைக் குழம்பில் வேகிறது. செம்பனையின் கொழுப்பு ஆற்றலையும், அதன் சிவப்பு நிறத்துக்குக் காரணமான கரோட்டீன் உடலுக்குள் வைட்டமின் ஏ சத்தையும் தருகின்றன. அபுனுஅபுனு என்ற பச்சைக் குழம்பிலோ சேம்பு வகைக் கீரையை அரைத்து, காளானும் புகையூட்டிய மீனும் சேர்த்து நத்தையைப் போடுகிறார்கள். பிரான்சின் பர்கண்டியில் அதே போன்ற ஒல்லிச் சதையை ஓட்டுக்குள் திணித்துப் பூண்டு வெண்ணெயால் மூடி அடுப்பில் வைக்கிறார்கள். அங்கே சாப்பிடுகிறவர் விழுங்குவது முக்கால்வாசி வெண்ணெயைத்தான். நத்தை கொழுப்பில்லாத உணவு என்று எழுதுகிறவர்கள் எந்தத் தட்டைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

சுஹும் தாண்டி புன்சோ சந்திப்பை நெருங்கும்போது மேற்கே அட்டேவா மலைத்தொடர் தெரியும். அக்ராவின் குடிநீருக்கு ஆதாரமான டென்சு ஆறும், வடக்கே ஓடும் பிரிம் ஆறும் அங்கேதான் பிறக்கின்றன. சாலையின் இருபுறமும் கோக்கோ, வாழை, இடையிடையே வெட்டாமல் விட்ட பெருமரங்கள். இவ்வளவு பசுமையில் மாட்டு மந்தை எதுவும் ஏன் கண்ணில் படுவதில்லை? விடை ஓர் ஈ. செட்சீ ஈக்கள் பரப்பும் நாகனா நோய் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுப் பட்டையில் மாடு வளர்ப்பை நூற்றாண்டுகளாக முடக்கிவைத்திருக்கிறது. நோயைத் தாங்கும் என்டாமா போன்ற குட்டை இனங்கள் உண்டு. அவற்றில் பாலும் குறைவு, கறியும் குறைவு. குமாசியின் இறைச்சிக்கூடத்துக்கு மாடுகள் வடக்கிலிருந்தும் புர்க்கினா பாசோ போன்ற சகேல் நாடுகளிலிருந்தும் லாரியேறி வருகின்றன. பாலும் மாட்டுக்கறியும் தூரத்துச் சரக்காக இருக்கும் நிலத்தில் புரதத்தைக் காடுதான் தர வேண்டும், தந்தும் வந்தது. வேட்டையாடுவது ஆணின் வேலை. துப்பாக்கியும் பொறியும் வேண்டும். நத்தைக்கு ஒன்றும் வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த இரவில் விளக்கும் கூடையும் எடுத்துக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் போனால் போதும். ஆமையும் நத்தையும் மட்டுமே இருந்தால் காட்டில் வேட்டுச் சத்தமே கேட்காது என்ற பொருளில் ஆக்கான் மக்களிடம் ஒரு பழமொழி உண்டு. தலைவர்களின் சார்பில் பேசுவோர் ஏந்தும் கோலின் உச்சியில் இவ்விரு பிராணிகளையும் செதுக்கிவைப்பதும் உண்டு. சமாதானத்தைப் பற்றிய பழமொழிதான், ஆனால் சத்துணவுக்காரர் அதில் இன்னொன்றையும் கேட்கலாம்: ஆயுதமில்லாதவர் கைக்கும் எட்டுகிற இறைச்சி. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் கிடைத்த, நெருப்பில் சுட்ட பெருநத்தை ஓடுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர் அங்கே நத்தையை வாட்டித் தின்றதாகச் சொல்கிறது. எளிதில் பொறுக்கலாம், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்கலாம் என்பதால் அது பங்கிட்டு உண்ணும் உணவாக இருந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம்.

நத்தைக்குச் சொல்லப்படும் குணங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இரும்புச்சத்துதான். அதிகம் குழப்பப்படுவதும் அதுவே. 2014ஆம் ஆண்டு கானாவில் எடுக்கப்பட்ட தேசிய மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 66 சதவீதத்தினருக்கும், 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 42 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருந்ததாகக் காட்டியது. மலேரியாவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் இதில் பெரும் பங்குண்டு. உணவின் பங்கும் உண்டு. 100 கிராமில் 3.5 மில்லிகிராம் இரும்பு என்பது கோழியைப் போல் பலமடங்கு; மாட்டிறைச்சியையும் மிஞ்சுகிறது. ஆனால் மாட்டிறைச்சியின் இரும்பு ஏன் உடலில் நன்றாக ஒட்டுகிறது? அதில் கணிசமான பங்கு ஹீம் வடிவில், ரத்தத்தின் ஹீமோகுளோபினிலும் தசையின் மயோகுளோபினிலும் பொதிந்து வருகிறது. குடல் அதை அப்படியே உள்ளிழுக்கும். நத்தையின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இல்லை. அங்கே ஆக்சிஜனைச் சுமப்பது செம்பை மையமாகக் கொண்ட ஹீமோசயனின். காற்றுப் பட்டால் அந்த ரத்தம் வெளிர்நீலம் காட்டும். ஆகவே மாட்டிறைச்சிக்கு உள்ள உறிஞ்சும் சலுகையை நத்தைக்கு அப்படியே மாற்றி எழுத முடியாது. அப்படியானால் அந்த 3.5 வெறும் ஏட்டுச் சுரைக்காயா? அதுவும் இல்லை. மாடு, கோழி, மீன் ஆகியவற்றின் தசைப் புரதம், கூடவே உண்ணும் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பையும் சேர்த்து உறிஞ்சவைக்கிறது என்பது நிறுவப்பட்ட செய்தி. நத்தையின் பாதமும் தசைதான். தக்காளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பில் வைட்டமின் சி கொஞ்சம் மிஞ்சினாலும் அது துணைக்கு வரும். ரத்தசோகைக்கு நத்தையே மருந்து என்று நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ஃபுஃபுவும் வெறுங்கீரையும் தின்பவருக்கு நத்தை சேர்ந்தால் கூடுதல் பலம் என்பது நியாயமான வாதம்.

எலும்பு இறுகும் என்பதை மட்டும் விரைந்து தள்ளிவிடலாம். நத்தையின் சுண்ணாம்புச்சத்து ஓட்டில் இருக்கிறது. ஓடு அநேகமாக முழுக்கவே கால்சியம் கார்பனேட். அதை யாரும் தின்பதில்லை, பொடித்துக் கோழித் தீவனத்தில் கலக்கிறார்கள். மேற்சொன்ன அமெரிக்க அட்டவணையில் சதையின் கால்சியம் 10 மில்லிகிராம்தான்.

புன்சோவுக்குப் பக்கத்தில், கோபோரிடுவாவிலிருந்து வரும் சாலையில் இருக்கும் டாஃபோவில் 1938இல் கோக்கோ ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கோக்கோவைப் பேசாமல் இந்நாட்டு நத்தையைப் பேச முடியாது. 2001 முதல் அரசே கோக்கோத் தோட்டங்களுக்குப் பெருமளவில் மருந்தடிக்க ஏற்பாடு செய்திருக்கிறது: சாறுறிஞ்சும் பூச்சிகளுக்குப் பூச்சிக்கொல்லி, காய் கறுத்து அழுகும் நோய்க்குப் பூஞ்சைக்கொல்லி. பின்னதில் செம்பு கலந்தவை பல. நத்தை வாழ்வதோ அதே மரத்தடிச் சருகில். மண்ணில் உள்ள செம்பையும் காட்மியத்தையும் ஈயத்தையும் நத்தைகள் உடலில் சேர்த்துவைக்கும் என்பதால், மாசை அளக்க உதவும் பிராணியாகவே அறிவியலார் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இன்னும் மேலே, பிரிம் ஆற்றோரங்களிலும் பழைய தங்கச் சுரங்க ஊரான கொனோங்கோ பக்கமும் கலம்சே என்ற அனுமதியற்ற தங்கத் தோண்டல். பொன்னைப் பிரிக்கப் பாதரசம். இந்தச் சூழலில் நத்தையை இயற்கை உணவு என்று கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். ஆனால் இதை வைத்து நத்தையையே நிராகரிப்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. உலோகங்கள் சதை முழுவதும் ஒரே அளவில் பரவுவதில்லை. பெரும்பங்கு சுருளின் உள்ளே இருக்கும் செரிமானச் சுரப்பியில், ஈரலும் கணையமும் சேர்ந்தது போன்ற உறுப்பில், தங்குகிறது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் பாதத்தை மட்டும் சமைத்தால் ஆபத்தின் பெரும்பகுதி குப்பைக்குப் போகிறது. மருந்தடித்த தோட்டத்திலும் சுரங்கக் குழியோரத்திலும் பொறுக்கியதைத் தவிர்ப்பது அடுத்த படி. விற்பவரிடம் எங்கே பொறுக்கியது என்று கேட்காமல் வாங்குகிறவர் சத்து அட்டவணையைப் படித்து என்ன பயன்?

நத்தை கழுவுவதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். உயிரோடு கொதிநீரில் போட்டு எடுத்து, ஓட்டின் வாயில் கூரான குச்சியைச் செருகிச் சுழற்றினால் சதை சுருளோடு வெளியே வரும். வராவிட்டால் ஓட்டை உடைப்பார்கள். முன்னால் இருப்பது சாம்பலும் கறுப்புமான கெட்டியான பாதம். பின்னால் வரும் சுருள் மென்மையாக, கரும்பச்சையும் பழுப்புமாக இருக்கும். கத்தி அந்த எல்லையில் விழும். பிறகு எலுமிச்சையோ படிகாரமோ உப்போ தேய்ப்பு. வழவழப்பு வெண்ணுரையாகத் திரண்டு விரலிடுக்கில் வழியும். கழுவி, மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி, சதை கையிலிருந்து வழுக்குவது நிற்கும்வரை இது நடக்கும். சிலர் அந்தப் பின்சுருளையும் ருசிக்காகச் சேர்த்துக்கொள்வார்கள். மேற்சொன்ன காரணத்தால் அதை நான் ஆதரிக்க மாட்டேன். அடுத்தது புழு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு நூற்புழுவின் இளம்புழுக்கள் நத்தைக்குள் வளர்கின்றன. வேகாத நத்தையைத் தின்றால் அவை மனித மூளையுறை வரைக்கும் போய் அழற்சி உண்டாக்கும். கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் அவை செத்துவிடும். பாதத் தசை கடினமானது, நன்றாக வெந்தால்தான் பல்லுக்கே பணியும் என்பதால் குழம்பில் இந்தக் கவலை குறைவு. கம்பியில் கோத்து அவசரமாக வாட்டிய துண்டில்தான் கவனம் வேண்டும்; முன்கூட்டி வேகவைத்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆஸ்துமாவுக்கு நத்தை மருந்து என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வீட்டுத்தூசியில் வாழும் நுண்பூச்சிகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு நத்தையும் ஒத்துக்கொள்வதில்லை, மூச்சுத்திணறலே வரலாம். மருந்து என்று கொடுத்தது நோயைக் கிளறிவிடும்.

தமிழ் வாசகருக்கு இடறுவது இந்த எண்களோ புழுவோ இல்லை, அருவருப்பு. அதை வெறும் சுவை விஷயம் என்று விட்டுவிட முடியாது. காவிரிப் படுகையில் வயல் நத்தையும் குளத்து நத்தையும் உழைக்கும் மக்களின் சமையலில் நெடுங்காலம் இருந்தவை. மூலத்துக்கு நல்லது என்று கேட்டு வாங்குவோர் இன்றும் உண்டு. நண்டும் நத்தையும் தின்பவர் என்பது அங்கே சாப்பாட்டைப் பற்றிய பேச்சாக மட்டும் இருந்ததில்லை, தின்பவரைத் தாழ்த்தும் பேச்சாகவும் இருந்தது. அசாந்தி நாட்டில் அதே பிராணி விருந்தினருக்கு வைக்கும் பண்டம். சதையில் உள்ள 16 கிராம் புரதத்துக்கு இந்த மேல்கீழ் எதுவும் தெரியாது. கும்பகோணத்து நத்தைக்கும் குமாசி நத்தைக்கும் இனம் வேறு, வாழிடம் வேறு. ஒன்று நீரில், மற்றது நிலத்தில். நெல்வயலில் அடிக்கும் மருந்தையும் வேகாமல் தின்னும் ஆபத்தையும் பொறுத்தவரை எச்சரிக்கை இரண்டுக்கும் ஒன்றே. நம் தோட்டங்களில் பப்பாளியையும் காய்கறியையும் மேய்ந்து தீர்க்கும் பெருநத்தையோ இந்தப் புலி நத்தைக்கு நெருங்கிய உறவு, கிழக்கு ஆப்பிரிக்க இனம். 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து விட்டார்; 1900 வாக்கில் இலங்கைக்கும் போய்ச் சேர்ந்தது. அதுவும் தின்னத்தக்க இனமே. சில நாடுகளில் டின்னில் அடைத்தே ஏற்றுமதியாகிறது. என்றாலும் சாக்கடையோரமும் நத்தைக்கொல்லி தூவிய பாத்தியிலும் மேய்ந்ததைப் பிடித்துச் சமைக்க யாரும் கிளம்ப வேண்டாம். மதத்தின் விலக்கும் ஒரே மாதிரி இல்லை. குமாசியின் சோங்கோ குடியிருப்புகளில் வாழும் முஸ்லிம்கள் பலர் நத்தை தொடுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலான மாலிகி சட்டப் பள்ளியோ முறைப்படி கொன்றால் நிலநத்தையை அனுமதிக்கிறது, அதே பள்ளியைப் பின்பற்றும் மொராக்கோவில் மராகேஷ் சதுக்கத்து வண்டிகளில் மசாலா நீரில் வெந்த நத்தையைக் கிண்ணம் கிண்ணமாக விற்கிறார்கள்.

என்காவ்காவைத் தாண்டி, குவாஹு செங்குத்துப் பாறைகளை வலப்புறம் விட்டு, எஜிசு வழியாக வண்டி குமாசிக்குள் நுழைகிறது. கெஜெட்டியாவின் பெருஞ்சந்தையில் எழுகிற கேள்விதான் இந்த வாதத்துக்கே கடினமான கேள்வி: விலை. மழை மாதங்களில் நத்தை மலிவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கிலிருந்து ஹர்மட்டான் காற்று வறண்டு வீசும்போது நத்தைகள் ஓட்டின் வாயை வெண்படலத்தால் மூடிக்கொண்டு மண்ணுக்குள் முடங்கிவிடும். அப்போது சந்தையில் வரத்து சுருங்கி விலை ஏறும். காடு அழிந்ததாலும் ஒட்டப் பொறுக்கியதாலும் பெரிய நத்தைகள் ஆண்டு முழுவதுமே அருமையாகிவிட்டன. எடைக்கு எடை மாட்டிறைச்சியை மிஞ்சும் விலையும் உண்டு. ஏழையின் புரதம் என்று நூல்கள் எழுதிக்கொண்டிருக்க, நத்தை அக்ரா உணவகங்களின் பட்டியலுக்கு ஏறிப்போய்விட்டது. வீட்டுக்குள் வந்தாலும் பங்கீடு இருக்கிறது. குழம்பின் பெரிய துண்டு பெரியவருக்கு என்பது நமக்கும் தெரிந்த வழக்கம்தான். இதற்கும் மேலே ஒரு விலக்கு: கர்ப்பிணி நத்தை தின்றால் பிறக்கும் குழந்தைக்கு ஓயாமல் எச்சில் வடியும் என்ற நம்பிக்கை கானாவின் சில பகுதிகளிலும் நைஜீரியாவிலும் பதிவாகியிருக்கிறது. நத்தையின் வழவழப்பிலிருந்து பிறந்த பயம் என்று ஊகிப்பது சிரமமில்லை. இரும்பு மிகவும் தேவைப்படுகிற உடலுக்கு அதைத் தரும் உணவைத் தடுக்கும் விலக்கு இது. சத்து அட்டவணையை அச்சடித்து ஒட்டுவதைவிட இந்த ஒரு நம்பிக்கையைத் தாய்மார்களிடம் பேசித் தளர்த்துவது அதிகப் பலன் தரும்.

விலைக்கு மருந்து வளர்ப்புதான் என்கிறார்கள். கொல்லைப்புறத்தில் வலை மூடிய பெட்டி, ஈரமண், பப்பாளி இலை, சேம்பிலை, கிழங்குத் தோல், ஓடு இறுகச் சுண்ணாம்பு. செலவு குறைவு என்பது உண்மை. அவசரம் ஆகாது என்பதும் உண்மை. புலி நத்தை சந்தை எடையை எட்ட ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு பிடிக்கும். முட்டைகள் நூற்றுக்கணக்கில் இட்டாலும் குஞ்சுகள் வறட்சியிலும் எறும்பிலும் சாகும். ஆறு மாதத்தில் லட்சாதிபதி என்று கூட்டம் போட்டுப் பயிற்சிக் கட்டணம் வாங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. வளர்த்தவள் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காமல் விற்றுவிடுவாளே, அப்புறம் சத்து எங்கே என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் எனக்கு வருத்தமில்லை. கெஜெட்டியாவில் நத்தைத் தட்டுகளுக்குச் சில கடை தள்ளி, கடற்கரையிலிருந்து வந்த காய்ந்த நெத்திலியைக் குவித்துவைத்திருக்கிறார்கள். கானாவாசிகள் அதைக் கேட்டா ஊரின் பள்ளிப் பையன்கள் என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். நல்ல விலைக்குப் போன ஒரு பெரிய நத்தையின் காசில் அதை வாங்கினால், தண்ணீர் வற்றிய சரக்கு என்பதால் கையளவிலேயே புரதம் செறிந்திருக்கும். முள்ளோடு இடித்துக் குழம்பில் போட்டால் நத்தை தராத கால்சியமும் பிள்ளைக்குச் சேரும்.